கறுப்புப் பவுச்சும் காப்பிப்பொடியும்: சிப்ஸ், தேன் விற்க இறங்குபவர்களுக்கு

எங்கள் முதல் பவுச் கறுப்பு. பளபளப்பில்லாத கறுப்பில் தங்க எழுத்து, நடுவில் கோட்டில் வரைந்த ஒரு வாழைத்தார். டிசைன் செய்து தந்த தம்பிக்கே அதில் அவ்வளவு பெருமை. நூறு பாக்கெட்டில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் நிரப்பி, கேரள எல்லையோரக் களியக்காவிளையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் கடையில் வைத்தோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தொண்ணூற்றிச் சொச்சம் அப்படியே தொங்குகிறது.

"வாறவன் எல்லாம் காப்பிப்பொடி என்ன விலைன்னு கேக்கான்டே" என்றார் அண்ணாச்சி.

கழற்றிக் கொண்டுவந்து, அதே சிப்ஸை அரையடிக் கண்ணாடிக் கவரில் போட்டு, மேலே ஒரு மஞ்சள் சீட்டை மடித்து பின் அடித்துக் கொடுத்தோம். இரண்டு நாளில் தீர்ந்தது. வாழைக்காய், எண்ணெய், உப்பு எதுவும் மாறவில்லை. முதல் கவர் உள்ளே இல்லாத ஒரு பண்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு சிப்ஸ், தேன், சக்கை வத்தல், முந்திரிக்கொத்து என்று ஏதாவது ஒன்று தொடங்குகிறார்கள். சுய உதவிக் குழு அக்காமார் அடிக்கடி எங்களிடம் கேட்பது, "கவரு எப்படிப் போடணும்?" என்பதுதான். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதிவைக்கிறேன். எங்கே இயந்திரம் வாங்கலாம், எந்தக் கடையில் கவர் மலிவு என்பதெல்லாம் இதில் இல்லை. கவரைப் பார்த்ததும் வாங்குபவர் மனதில் என்ன ருசி, என்ன விலை, என்ன தரம் உருவாகிறது, அதை உங்கள் பண்டத்தோடு எப்படி ஒட்டவைப்பது என்பது மட்டும்.

டிசைனரிடம் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரே வறவில் எடுத்த சிப்ஸை மூன்று விதமாகக் கட்டுங்கள். ஒன்று சாதா கண்ணாடிக் கவர், ஒன்று சில்வர் பவுச், ஒன்று பழுப்புக் காகிதப் பவுச். ஒரே சிப்ஸ் என்று சொல்லாமல் பத்துப் பேரிடம் கொடுங்கள். வீட்டு ஆட்கள் வேண்டாம், அவர்கள் உங்கள் மனம் நோகாமல்தான் பேசுவார்கள். நான்கு கேள்வி போதும்: எந்த எண்ணெய் என்று நினைக்கிறீர்கள், எத்தனை நாள் ஆகியிருக்கும், என்ன விலை இருக்கும், எதில் உப்பு தூக்கல்?

நாங்கள் செய்தபோது கண்ணாடிக் கவருக்கு "இன்னைக்கு வறுத்தது" என்றார்கள், விலையைக் குறைத்துச் சொன்னார்கள். சில்வர் பவுச்சுக்கு "கம்பெனி சாதனம், பாமாயிலா இருக்கும்" என்றார்கள், ஆனால் விலையைக் கூட்டினார்கள். பழுப்புப் பவுச் பட்டபாடுதான் வேடிக்கை: இரண்டு பேர் "இதுல உப்பு குறைவு, உடம்புக்கு நல்லது" என்றார்கள். மூன்றும் ஒரே சட்டியில் இருந்து வந்தவை.

இது எங்கள் ஊர்க்காரர்களின் நாக்குக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். லூயி செஸ்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களிலேயே இதைப் பிடித்துவிட்டார். அப்போது மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதிலாக விற்கும் எண்ணெய்ப் பண்டம்) வெள்ளையாக இருந்தது, யாரும் வெண்ணெய்க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பேசுவதில்லை. அதற்கு மஞ்சள் நிறம் ஊட்டியதும் மக்கள் நாக்குக்கே அது வெண்ணெய்ப் பக்கம் நகர்ந்தது. கண்ணில் பட்டதை மனது நாக்கின் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். பொட்டலமும் நிறமும் அவர் ஆராய்ந்தவற்றில் முக்கியமானவை.

பத்துப் பேர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிசைனருக்குக் கொடுக்கவேண்டியது அந்தத் தாளைத்தான். "நல்லா கிராண்டா பண்ணுங்க" என்று வாயால் சொன்னால் அவர் கறுப்பும் தங்கமும்தான் போடுவார். எனக்குத் தெரியும்.

பெயர்: எல்லைக்கு எந்தப் பக்கம் விற்கப்போகிறீர்கள்?

1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தது. ஆனால் நம் அடுக்களைச் சொற்கள் இன்னும் இரண்டு பக்கமும் காலை வைத்திருக்கின்றன. அது கவருக்குப் பெரிய தலைவலி.

நாம் ஏத்தங்காய் என்கிறோம். திருவனந்தபுரம் பக்கமும் அதே ஏத்தக்காய்தான். திருச்சூர் தாண்டினால் நேந்திரன். மதுரை, சென்னைக்காரருக்கு நேந்திரம் என்றால்தான் புரியும். ஏத்தன் என்று போட்டால் ஏதோ புதுப் பழம் என்று நினைப்பார். சக்கை என்றால் சென்னையில் கரும்புச் சக்கை நினைவுக்கு வரும். பலா என்று போடாமல் "சக்கை சிப்ஸ்" என்று சென்னைக்கு அனுப்பினால் யார் காசு கொடுப்பார்கள்? மரச்சீனிக்கும் இதே கதி. சென்னையில் அது மரவள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை தாண்டினால் கப்ப அல்லது மரச்சீனி.

இதில் பெரிய குழி உப்பேரி. தெக்கன் கேரளத்தில் உப்பேரி என்றால் வறுத்த சிப்ஸ், ஓண இலையின் ஓரத்தில் வைப்பது. பாலக்காடு, மலபார் பக்கம் போனால் உப்பேரி என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொரியல். "காய் உப்பேரி" என்று பெரிதாகப் போட்ட பாக்கெட்டை அங்கே அனுப்பினால் வாங்குபவர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குள் பக்கத்துப் பாக்கெட் விற்றுவிடும்.

எங்கள் வழி இது: ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் போடுவோம், அதுதான் நம் மணம். கீழே எல்லோருக்கும் புரிகிற பெயர் சின்ன எழுத்தில். முன்பக்கம் தமிழும் மலையாளமும், பின்பக்க விவரம் ஆங்கிலத்தில். ஆங்கிலம் ஏன் என்றால், சட்டப்படி லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தே ஆகவேண்டும். தமிழும் மலையாளமும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழில் மட்டும் அடித்துவிட்டு, அதிகாரி வந்து கேட்டபோது தமிழ்ப்பற்றைக் காரணமாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அபராதத்தில் தள்ளுபடி கிடைக்கவில்லை.

நிறம்

கடைக்காரர் சரத்தில் தொங்கவிட்டிருக்கும் பாக்கெட்டுகளை எட்டடி தள்ளி நின்று பாருங்கள். எழுத்து தெரியாது, நிறம் மட்டும்தான் தெரியும். லேஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மஞ்சள் என்றால் வெறும் உப்பு, நீலம் என்றால் மசாலா, பச்சை என்றால் கிரீமும் வெங்காயமும், சிவப்பு என்றால் தக்காளி. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறது. பெரிய கம்பெனிகள் வருடக்கணக்காகச் செலவு செய்து மக்கள் கண்ணில் பதித்துவைத்த இந்தக் கணக்கை நம் நூறு பாக்கெட்டால் மாற்ற முடியாது. சிவப்புக் கவரில் வெறும் உப்பு சிப்ஸ் போட்டால், வாங்கியவர் காரத்தைத் தேடிக் கிடைக்காமல் "சப்புன்னு இருக்கு" என்பார். மஞ்சள் கவரில் போட்டிருந்தால் அதே சிப்ஸுக்கு "உப்பு பாகம்" என்றிருப்பார்.

அவ்வளவு பெரிய கோகோ கோலாவுக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. 2011 இறுதியில் பனிக்கரடிகளுக்கு ஆதரவாகச் சிவப்பு டின்னை வெள்ளையாக்கி அமெரிக்காவில் விற்றார்கள். உள்ளே அதே பானம். "ருசி மாறிப்போச்சு" என்று சிலர் புகார் சொன்னார்கள், சிலர் டயட் கோக் என்று தவறாக எடுத்துவிட்டார்கள். சீக்கிரமே சிவப்புக்குத் திரும்பவேண்டி வந்தது.

நம் பண்டங்களுக்கு என் அனுபவத்தில் தேறிய நிறங்கள்: உப்பு ஏத்தங்காய்க்கு மஞ்சளும் வாழையிலைப் பச்சையும். சர்க்கரை உப்பேரிக்கு வெல்லப்பாகின் செம்பழுப்பு. மரச்சீனிக்கு வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பு, அதில் மிளகாய்த்தூள் இருந்தால் மட்டும். கறுப்பைக் காப்பிப்பொடிக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஏத்தங்காய் சிப்ஸ் பளீரென்று மஞ்சளாக இருக்கவேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கிறார். வீட்டில் உப்புத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்பொடி கலந்து தெளித்தால் வருவது இளமஞ்சள்தான். கவரில் அச்சடித்த படம் எலுமிச்சை மஞ்சளில் இருந்தால் உங்கள் சிப்ஸ் வெளிறித் தெரியும். உடனே யாராவது "கொஞ்சம் கலர் போட்டா என்ன?" என்பார்கள். சிப்ஸில் செயற்கைச் சாயம் கூடாது. படத்தின் மஞ்சளைக் குறைக்கச் சொல்லுங்கள், சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கண்ணாடியா, மூடிய கவரா?

இந்த இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது தெரிந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை. வில்லையின் கனம், நிறம், உடைசல் எவ்வளவு என்று ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிடுவார். கண்ணாடிக் கவருக்கு "இன்றைக்கு வறுத்தது" என்ற பெயர் கிடைப்பதும் அதனால்தான், பலகாரக் கடைத் தட்டில் பார்ப்பதுபோல இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குப் பெயரும் இல்லை, விளம்பரமும் இல்லை. பண்டத்தைக் காட்டுவதைவிட வேறு சாட்சி நமக்கு ஏது?

ஆனால் எண்ணெய்ப் பண்டத்துக்கு வெளிச்சமும் காற்றும் எமன். வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் எண்ணெய் கெட்டுக் காறல் வாடை வரும். காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் நமுத்துப்போகும். சாதா கண்ணாடிக் கவர் வெளிச்சத்தை மறைக்காது, ஈரத்தையும் வாடையையும் ஓரளவுக்குத்தான் தடுக்கும். எங்கள் மஞ்சள் சீட்டுப் பாக்கெட் இரண்டு நாளில் விற்றது என்றேன் அல்லவா, அந்தத் தைரியத்தில் அடுத்த வாரம் முந்நூறு பாக்கெட் கொடுத்தோம். கடை மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேராக அடிக்கும். பன்னிரண்டாம் நாள் ஒரு வாத்தியார் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்துவிட்டு அண்ணாச்சி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக் கவர் "புதுசு" என்று சொல்லி விற்றுவிட்டது, உள்ளே இருந்ததோ காறியது. மோசமான கவர் வாங்கவே விடாது. இது வாங்கவைத்து ஏமாற்றியது. அந்த வாத்தியார் இன்றுவரை எங்கள் பாக்கெட்டைத் தொடுவதில்லை.

சில்வர் கவரின் உள்பக்கம் மினுங்குவது அலுமினியப் பூச்சு. வெளிச்சத்தை மறைக்கும், காற்றும் ஈரமும் புகுவதை நன்றாகக் குறைக்கும். பெரிய கம்பெனிகள் உள்ளே நைட்ரஜன் நிரப்புவார்கள். ஆக்சிஜனை வெளியேற்றுவது ஒரு காரணம், லாரியில் அமுங்கி உடையாமல் மெத்தைபோல் தாங்குவது இன்னொரு காரணம். "பாதி காத்துதான்" என்று நாம் திட்டுவது அதைத்தான். திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. பொட்டலத்தின் அளவைக் காட்டி உள்ளிருக்கும் அளவைப் பற்றி ஏமாற்றுவது சட்ட அளவியல் விதிகளின்படி குற்றம். 100 கிராம் சிப்ஸுக்கு அரைக்கிலோ பவுச் எடுக்காதீர்கள். நிரப்பி, தட்டி, ஒட்டியபின் மேலே நான்கு விரல் இடம் இருந்தால் போதும் என்பது எங்கள் கைக்கணக்கு.

இப்போது நாங்கள் செய்வது இரண்டும் கலந்தது. முன்பக்கம் முழுக்க மூடியது. பின்பக்கம் கீழ் ஓரத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். கடையில் முன்பக்கம் வெளியே பார்க்கத் தொங்கும்போது ஜன்னலில் நேர் வெயில் படாது. சந்தேகப்படுபவர் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்திருக்கிறீர்களா, நம் ஆட்களில் பாதிப்பேர் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஜன்னல் வேண்டாம், படம் போதும் என்றால் உங்கள் சிப்ஸையே படம் எடுங்கள். இணையத்தில் இருந்து எடுத்த படத்தில் வில்லை பெரிதாக, முழு வட்டமாக, ஒன்றுகூட உடையாமல் இருக்கும். உள்ளே உங்கள் சிப்ஸ் நாலாக வெட்டியதாக இருந்தால், பிரித்த நிமிடமே வாங்கியவர் மனதில் நீங்கள் ஒரு படி இறங்கிவிட்டீர்கள். அதேபோல் பாமாயிலில் வறுத்துவிட்டு முன்பக்கத்தில் தேங்காய்ப் படம் போடுவது. எங்கும் "தேங்காய் எண்ணெய்" என்று எழுதவில்லையே என்று வாதம் செய்வார்கள். படமும் பேச்சுதான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

சத்தம்

சிரிக்காதீர்கள், சிப்ஸுக்குக் காதும் வாய்தான். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சிப்ஸைக் கடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் திருப்பிக் கேட்கவைத்தார்கள். சத்தத்தையோ அதன் கீச்சுப் பகுதியையோ கூட்டியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக்நோபல் பரிசு 2008-இல் இதற்குக் கிடைத்தது.

கவரின் சத்தமும் இதே கணக்கில் சேரும். தொட்டதும் சரசரவென்றால் உள்ளே மொறுமொறு என்று மனது எழுதிக்கொள்ளும். துணிபோல் மெத்தென்ற கவர் முறுக்குக்கும் சிப்ஸுக்கும் சரிவராது, அல்வாவுக்குச் சரி. ஆனால் அளவோடு. அமெரிக்காவில் சன்சிப்ஸ் என்ற சிப்ஸை மக்கும் கவரில் போட்டு விற்றார்கள். அந்தக் கவரைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். எரிச்சலான ஜனங்கள் கேலி செய்ய, 2010-இல் பெரும்பாலான வகைகளுக்குப் பழைய கவருக்கே திரும்பினார்கள். நல்ல எண்ணம் இருந்தும் காதில் தோற்றது.

கவர் வியாபாரியிடம் போகும்போது கிராம், மைக்ரான் என்று மட்டும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு கசக்கிப் பாருங்கள். ஓரத்தில் கிழிக்க ஒரு சிறு வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்லால் கடித்துப் பிரிக்கவேண்டிய பாக்கெட் எவ்வளவு நல்ல பண்டத்தையும் மட்டமாக்கிவிடும்.

தேனுக்கு வேறு கணக்கு

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் தொடங்கிவைத்தது. இன்று நம் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டத்தில் இருந்து. ரப்பர் இலை துளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் மதுவைத்தான் தேனீ எடுக்கிறது. ருசி நல்லதுதான். ஆனால் ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்து அடியில் சீனிபோல் குருணை கட்டும்.

வாங்குபவர் மனதில் இருக்கும் தேன் எது? விளம்பரத்தில் கரண்டியில் இருந்து நூலாக இறங்கும் பொன்னிறத் தேன். அந்தப் படத்தை உங்கள் லேபிளில் போட்டுவிட்டு, மூன்று மாதத்தில் அடியில் குருணை கட்டினால், "சீனிப்பாகு கலந்துட்டான்" என்பதுதான் முதல் சொல். எங்களுக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி இதுதான். வந்தவர் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் விளக்கம். கடைசியில் தேனை மாற்றவில்லை, லேபிளை மாற்றினோம். நூல் இறங்கும் படத்தை எடுத்துவிட்டு, ரப்பர் இலையும் ஒரு தேனீயும் போட்டோம். கழுத்தில் தொங்கும் சின்ன அட்டையில் நாலு வரி: இது ரப்பர்த் தோட்டத் தேன். குளிரில் உறையும், குருணை கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பியை வைத்தால் இளகும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவேண்டாம்.

அந்த அட்டைக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். நாகர்கோவிலில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, "போன தடவ வாங்கினது உறையவே இல்லையே, நல்ல தேன்தானா?" என்று கேட்டார்!

இன்னொரு இடறல், எடை. தேன் தண்ணீரைவிடக் கனம். அரைக்கிலோ தேன் ஏறக்குறைய 350 மில்லிதான் வரும். வாங்குபவர் கண் அரைலிட்டர் தண்ணீர்க் குப்பியைத்தான் அளவாக வைத்திருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் "அளவு குறைவு" என்று தோன்றும். அதனால் 500 கிராம் என்பதை முன்பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். குப்பியை உயரமாக, ஒடுக்கமாக எடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, அதுவும் ஒரு கண்கட்டுதான். கண்ணாடிக் குப்பி கையில் கனத்தால் சரக்கும் உசத்தி என்று தோன்றும் என்பது உண்மை. ஆனால் கூரியரில் உடைந்து, பார்சல் முழுக்கத் தேனாகப் போய்ச் சேர்ந்தால் அந்த உசத்தியை யார் துடைப்பது? கடைக்குக் கண்ணாடி, பார்சலுக்குப் பிளாஸ்டிக் என்று பிரித்துக்கொண்டோம்.

எழுதக் கூடாத நல்ல வார்த்தைகள்

அக்காமாருக்கு இதில்தான் கோபம் வரும். "வீட்டுல செய்ததை வீட்டுல செய்ததுன்னு சொல்லக் கூடாதா?" 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர, உரிமைகோரல் விதிகளில், வீட்டில் செய்தது, வீட்டுச் சமையல் என்பதுபோல் வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரக்கூடிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்றே இருக்கிறது. இயற்கை, புதியது, பாரம்பரியம், அசல் போன்ற சொற்களுக்கும் நிபந்தனை உண்டு. அவற்றைப் பிராண்டுப் பெயரிலேயே சேர்த்திருந்தால், இது வெறும் பெயர்தான், பொருளின் தன்மையைக் குறிப்பதில்லை என்று குறிப்பும் அச்சிடவேண்டும். நூறு சதவீதம் என்ற சொல்லையும் தவிர்க்கும்படி 2025 மே மாதம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அறிவுறுத்தியது. அதற்கு ஒரு வருடம் முன்பே பழச்சாறுப் பெட்டிகளில் இருந்து அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆர்கானிக் என்று போட உரிய சான்றிதழ் வேண்டும். கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் மட்டியில் செய்தது எல்லாவற்றிலும் அந்த முத்திரையை ஒட்டலாம் என்று நினைக்கிறார்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அது.

2015-இல் மேகி நூடுல்ஸை நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னபோது, ஈயத்தோடு சேர்த்து அதிகாரிகள் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று, ருசி கூட்டும் உப்பைப் பற்றிப் பாக்கெட்டில் இருந்த "எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை" என்ற வாசகம். ஒரு வரிதான்.

அந்த வார்த்தைகளுக்குப் பதில் என்ன எழுதலாம்? நடந்ததை எழுதுங்கள். "தேங்காய் எண்ணெயில் வறுத்தது" என்பது உண்மையானால் அதைவிட வலுவான வாசகம் கேரளச் சந்தையில் கிடையாது. "சுக்கும் ஏலமும் சேர்த்த வெல்லப்பாகு" என்று எழுதினாலே சர்க்கரை உப்பேரி வாயில் ஊறும். பாரம்பரியம் என்ற சொல்லுக்கு எப்போதாவது எச்சில் ஊறியிருக்கிறதா?

பின்பக்கம், வேகமாக

விட்டுவிடக் கூடாதவை: பண்டத்தின் பெயர், எடைப்படி இறங்குமுகமாகச் சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிலோவுக்குக் கீழ் என்றால் கிராமுக்கு என்ன விலை என்பது, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், தயாரிப்பவர் முகவரி, குறை சொல்லத் தொலைபேசி எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. முந்திரி, கடலை, கோதுமை, பால் போன்றவை இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பு. தேனுக்கு எந்தப் புள்ளி என்று எல்லோரும் கேட்பார்கள். பச்சைதான், விதியிலேயே தேனுக்கு விலக்கு இருக்கிறது.

தேதியை மட்டும் அழியாத மையில் அடியுங்கள். எண்ணெய்க் கை பட்டு அழிந்த தேதியைப் பார்த்தால் மறைத்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

அச்சடிக்கும்போது

பவுச் முழுக்க அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்யவேண்டும், ஆயிரக்கணக்கில் கவர் எடுக்கவேண்டும். முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரே நிறத்தில் வெற்றுப் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். விலை மாறும், முகவரி மாறும், பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கும், விதி மாறும். எங்களுடைய கறுப்புப் பவுச் இன்னும் இரண்டு சாக்கு பரணில் கிடக்கிறது. பெண்டாட்டி விதை போட்டுவைக்க எடுக்கிறாள்.

பெயரைக் கவரின் உச்சியில் வைக்காதீர்கள். இது எந்த டிசைனருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் கணினியில் கவரை நேராகப் பார்க்கிறார். நம் கடைகளில் பாக்கெட் கிளிப்பில் தொங்கும். மேல் இரண்டு அங்குலம் கிளிப்புக்குள் சுருங்கிப் போய்விடும். பெயர் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் சாதாத் தாளில் நகல் எடுத்துக் கவரில் ஒட்டி, அண்ணாச்சி கடையில் ஒருநாள் தொங்கவிட்டு, ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்.

நன்றாகப் போகிற கவரை அழகுக்காக மாற்றவும் வேண்டாம். டிராபிகானா 2009 ஜனவரியில், உறிஞ்சுகுழாய் குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிக் குவளையில் பழச்சாறு படம் போட்டது. இரண்டே மாதத்தில் விற்பனை 20 சதவீதம் போல இறங்கியது. வாங்கவந்தவர்களுக்குத் தங்கள் பெட்டி எது என்றே தெரியவில்லை. பழைய ஆரஞ்சு திரும்பி வந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு தடவைக்கு ஒன்று: இந்த முறை எழுத்து, அடுத்த முறை படம். நிறத்தில் கை வைப்பது கடைசியாக.

இந்த ஆவணிக்கு, ஓணச் சந்தையை நினைத்து, சர்க்கரை உப்பேரிக்குப் புது ஸ்டிக்கர் இருநூறு மட்டும் அடித்திருக்கிறோம். செம்பழுப்பு, நடுவில் எங்கள் சட்டியில் எடுத்த படம், மலையாளத்தில் சர்க்கர உப்பேரி, தமிழில் வெல்லப்பாகு ஏத்தங்காய். நூறு களியக்காவிளைக்கு, நூறு பாறசாலைக்கு. போனவாரம் அண்ணாச்சி கையில் முதல் பாக்கெட்டைக் கொடுத்தேன். கசக்கிப் பார்த்தார், திருப்பி ஜன்னலைப் பார்த்தார், எட்டடி தள்ளி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காப்பிப்பொடி இல்லைன்னு தெரியுது" என்றார்.